வார்டு வாரியாகப் பெய்த மழை

உடைமரத்தூரில் மழை வார்டு வாரியாகப் பெய்யத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. முதல் வார்டில் காலை ஆறு பத்துக்குப் பிடித்து ஏழு பத்துக்கு விட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டாம் வார்டு. அதற்கு மறுநாள் மூன்றாவது. எங்கள் நகராட்சியில் இருபத்தொரு வார்டு. இருபத்தொரு நாளில் ஊரை ஒரு சுற்று சுற்றி முடித்து, இருபத்திரண்டாம் நாள் பழையபடி முதல் வார்டின் முக்கில் வந்து நின்றது மழை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரி.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. எதற்குப் பிளக்க வேண்டும்? குழாய்த் தண்ணீர் முறை வைத்து வருகிற ஊர், குப்பை வண்டி முறை வைத்து வருகிற ஊர், கரண்டு முறை வைத்துப் போகிற ஊர், கோயில் கொடைக்குச் சப்பரம் கிளம்பினால் அம்மன்கூட இந்தத் தெரு முடித்துத்தான் அந்தத் தெரு என்று முறை வைத்து வருகிற ஊர். இத்தனை காலமும் மழை ஒன்றுதான் கட்டுப்பாடு இல்லாமல் கண்ட இடத்தில் பெய்துகொண்டிருந்தது. அதுவும் ஒருவழியாக வழிக்கு வந்தது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எல்லையில் கத்தி வைத்து வெட்டியது போல நிற்கும். பஸ் ஸ்டாண்டு நான்காம் வார்டும் ஐந்தாம் வார்டும் சேருகிற இடம். நின்ற பஸ்ஸில் டிரைவர் நனைவார், கண்டக்டர் நனைய மாட்டார். வீட்டுத் தரகர்கள் புதுப் பேச்சுப் பழகினார்கள். "மாடி ஏழாம் வார்டு, கொல்லை எட்டாம் வார்டு, சுற்றுக்கு ரெண்டு மழை சார், விடாதீங்க" என்றார்கள். ஜவுளிக்கடைக்காரர் மழை நாள் அச்சிட்ட காலண்டர் கொடுத்தார். ஜோசியர் முகூர்த்தம் குறிக்கும்போது நட்சத்திரத்தோடு வார்டும் கேட்டார். மிளகாய் வற்றல் காயப்போடுகிறவர்கள், அப்பளம் இடுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் எல்லோரும் தேதி பார்த்து வேலை செய்தார்கள். நகராட்சி வாசலில் 'இன்றைய மழை' என்று ஒரு கரும்பலகை வைத்து, கீழே எண்ணை மட்டும் தினம் அழித்து எழுதினார்கள். மன்றக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டார்கள். ஒன்று, மழை முறையை மன்றம் ஏற்று அங்கீகரிக்கிறது. இரண்டு, ஒரு வார்டின் மழையைத் தகரம், குழாய், தார்ப்பாய் முதலிய எதன் வழியாகவும் வேறு வார்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

முதல் சுற்று முடிந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. சூளைச் சந்தில் ஒரு சொட்டு விழவில்லை.

முப்பத்தேழு வீடு. நூற்றைம்பத்திரண்டு பேர். கிழக்கே மேட்டுத் தெருவில் வாய், மேற்கே முட்டுச் சுவர். சுவரை ஒட்டி வளையம் வளையமாக உறை அடுக்கின ஒரு உறைகிணறு, கிணற்றை ஒட்டி என் வீடு. குழாய் கிடையாது. கிணறு நன்றாக ஊறிய காலத்தில் குழாய் வேண்டாம் என்று எங்கள் ஆட்களே எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனவன் நான்தான். நகராட்சியில் முப்பத்துநான்கு வருஷம் வால்வு திறந்தவன். ஐயம்பெருமாள் என்றால் தெரியாது. வால்வுக்காரர் என்றால் தெரியும்.

பதினோராம் வார்டு நாளில் எங்கள் வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடு தடதடக்கும். மறுநாள் பன்னிரண்டு. தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடு தடதடக்கும். நடுவில் நாங்கள் அவரவர் வாசலில் அண்ணாந்து நிற்போம். மண்வாசனை மட்டும் வரும்.

வேலுக்கனி போய் வார்டு வரையறைப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்தாள். சந்தில் என் வீட்டுக்கு முந்தின வீட்டுக்காரி, இட்லிக் கடை வைத்திருக்கிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மாவரைத்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அவித்து, இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தவள். பட்டியலை என் மடியில் போட்டாள்.

"வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தேன். பதினோராம் வார்டு: தெற்கு எல்லை, சூளைச் சந்து. பன்னிரண்டாம் வார்டு: வடக்கு எல்லை, சூளைச் சந்து. அவ்வளவுதான். வரப்பை எழுதினவன் வரப்பில் ஆள் குடியிருக்கிறது என்று நினைக்கவில்லை. போன தேர்தலில் இரண்டு சாவடியிலும் எங்கள் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெயிலுக்குப் பயந்து நாங்களும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். வீட்டு வரி ரசீதில் வார்டு என்ற இடத்தில் மூன்று வருஷமாக ஒரு கோடுதான் இருந்திருக்கிறது. மழை வந்து சொல்லும்வரை ஒருத்தனும் பார்க்கவில்லை. நானும்தான்.

பதினோராம் வார்டு உறுப்பினரிடம் போனோம். "எல்லைன்னா என்னங்கய்யா? அங்க வந்து என் வார்டு முடியுது. முடிஞ்ச எடத்துக்கு நான் எப்படி வர?" என்றார். பன்னிரண்டாம் வார்டு உறுப்பினரிடம் போனோம். "உங்க சந்துல இருந்துதான் என் வார்டு ஆரம்பிக்கு. ஆரம்பிக்கதுக்கு முன்னாடி நான் எப்படி வர?" என்றார். இரண்டு பேரும் காப்பி கொடுத்தார்கள். இரண்டு காப்பியிலும் சீனி அதிகம்.

ஆணையரிடம் போனோம். கண்ணாடி போட்ட இளைஞர். மரியாதையாகப் பேசினார்.

"அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிஞ்சு, அடுத்த மறுவரையறை வரும்போது சேர்த்துடலாம்மா."

"அது எப்பய்யா?"

"ஏழெட்டு வருஷம்."

"கிணத்துல பதினாறு உறை. இப்பமே பத்து வெளிய தெரியுது. ஏழெட்டு வருஷம் கிணறு உக்காந்திருக்குமா?"

"வத்திட்டா சொல்லுங்க. ஒன்பது கிலோமீட்டர்ல வாரியக் குடியிருப்பு காலியா இருக்கு. மாத்தி விட்டுடலாம்."

வேலுக்கனி எழுந்து முந்தானையை உதறினாள். "வத்தாதுய்யா" என்றாள்.

கிணற்றுக்கு அது கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் பதினோராம் உறை தெரிந்தது. பன்னிரண்டாம் வார்டான மேட்டுத் தெருக் கூரையிலிருந்து ஒழுகுவதைத் தகரம் வைத்துச் சந்துக்குள் திருப்பினோம். மேட்டுத் தெரு லூர்தம்மாள் விளக்குமாற்றோடு வந்து தகரத்தை இழுத்துப் போட்டாள். அவள் கை நீளம், வாய் அதைவிட நீளம். குழாயடியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"எங்க வார்டு மழைட்டி இது. தீர்மானம் போட்டிருக்கு, தெரியும்லா?"

"சாக்கடைல போற தண்ணிதானக்கா?" என்றாள் வேலுக்கனி.

"எங்க சாக்கடை. எங்க தண்ணி."

மூன்றாம் சுற்றில் இன்னொன்று தெரிந்தது. மழை எங்கள் சந்தை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை, எங்களையும் விட்டுவிட்டுப் போனது. ஏழாம் வார்டில் ஒரு சாவு. பெரிய குடும்பம், வேண்டப்பட்டவர்கள். சந்தில் இருந்து முப்பது பேர் போனோம். ஏழாம் வார்டு முறை அன்றைக்கு. ஆறு பத்துக்குத் தெருவெல்லாம் கொட்டுகிறது, நாங்கள் உட்கார்ந்த பந்தலில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. பந்தலைத் தாண்டியும் இல்லை. பிணம் குளிப்பாட்டத் தண்ணீரெடுக்க நீர்மாலை போகிறவர்கள்கூட எங்களோடு ஒட்டி நடந்து நனையாமல் திரும்பினார்கள். அதற்கப்புறம் பார்த்துப் பார்த்துக் கணக்குப் பிடிபட்டது. சந்துக்காரன் ஒருத்தன் நின்றால் அவனைச் சுற்றி இரண்டு முழம் காயும். நான்கு பேர் நின்றால் ஒரு முற்றம். முப்பது பேர் சேர்ந்து நின்றால் ஒரு தெரு.

ஊருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் வைக்கிறவர்கள், காது குத்துகிறவர்கள், மாடிக்குத் தளம் போடுகிறவர்கள் எல்லோரும் மழை நாள் வந்தால் சூளைச் சந்துக்கு வண்டி அனுப்பினார்கள். கல்யாண வீட்டில் எங்களை முன்வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள், முதல் பந்தியில் இலை போட்டார்கள். தளம் போடுகிற மேஸ்திரி ஏணியில் நின்று, "சந்து ஆளு நாலு பேரு அனுப்புங்க, ரெண்டு போதாது" என்று போனில் கத்துவான். ஆறாம் வார்டில் ஒரு ரிடையர்டு தாசில்தார் காலைநடைக்குத் துணையாக எங்கள் ஆள் ஒருத்தரை மாதச் சம்பளத்துக்கே வைத்துக்கொண்டார். நான்கைந்து சுற்று இப்படிப் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு வயிறு முன்தள்ளியது. கிணற்றில் பதினான்காம் உறை தெரிந்தது.

நகராட்சித் தலைவர் வீட்டு வளைகாப்பு. முதல் வார்டு. தலைவர் தர்மக்கண் நல்ல மனுஷன்தான், எல்லோருக்கும் சரி என்று சொல்லிப் பழகின மனுஷன். பத்துப் பேரை அழைத்திருந்தார்கள். போட்டோ பிடிக்கிற நேரத்தில் அவர் மைத்துனர் வந்து, வேலுக்கனியின் தோளைத் தொடாமல் காற்றில் கையை ஆட்டி, "சந்துக்காரங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, போட்டோல விழாம. ரொம்பத் தள்ளிப் போயிராதீங்க, நனைஞ்சிரும்" என்றார்.

வேலுக்கனி ஓரமாகத்தான் நின்றாள். போட்டோ எடுத்து முடிகிறவரை நின்றாள். பிறகு கையிலிருந்த தாம்பூலப் பையை அங்கேயே நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள். நாங்களும் பின்னால் நடந்தோம். வளைகாப்பு நனைந்தது.

கிணற்றடியில் சந்து முழுக்கக் கூடியது. அவள் கிணற்று விளிம்பில் கை ஊன்றிப் பேசினாள்.

"நாம என்ன குடையா? வேணும்னா விரிக்கதுக்கும், வேண்டாம்னா மடக்கி மூலைல சாத்தி வைக்கதுக்கும்?"

"சோறு போடுதானுவள்லா" என்றான் ஒருத்தன்.

"சோத்தத் தின்னுட்டுக் கைகழுவத் தண்ணி எங்கல இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி. முப்பது பேரு நின்னா ஒரு தெரு காயும். நூத்தம்பது பேரு நின்னா?"

"வார்டு காயும்" என்றேன். பெருக்கல் தெரியாதவனா நான்?

"அப்ப நிப்போம்" என்றாள்.

அடுத்த சுற்றின் முதல் நாள், காலை ஐந்தரைக்கு, சூளைச் சந்து பூட்டிக்கொண்டு கிளம்பியது. கைக்குழந்தை இடுப்பில், கண் தெரியாதவன் பூசைப்பழம் இரண்டு பேர் தோளில், வாதக்காலோடு நான் என் கம்பில், நூற்றைம்பத்திரண்டு பேரும் ஒருத்தர் குறையாமல் முதல் வார்டுக்குப் போய், தலைவர் வீட்டு முக்கிலிருந்து தபால் ஆபீஸ் வரைக்கும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது, மைக் கிடையாது. ஆறு பத்துக்கு மேகம் வந்தது. தலைக்கு மேலே வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, இறங்க இடமில்லாத கொக்கு மாதிரி ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஏழு பத்துக்குக் கலைந்து போனது.

தலைவர் துண்டும் சோப்புமாக மாடியில் நின்றவர் அப்படியே இறங்கி வந்தார். மழையில் குளிக்கிறது அவர் வழக்கம்.

"என்னவே இது?" என்றார் என்னிடம்.

"நிக்கோம்" என்றேன்.

"நிக்கதுக்கு வேற எடமா இல்ல?"

"எடம் இருக்கு. வார்டு இல்ல" என்றாள் வேலுக்கனி.

இன்ஸ்பெக்டர் வந்தார். வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். "ரோட்ட மறிக்கலியே, ஓரமாத்தான நிக்கானுவ? சும்மா நிக்கதுக்கு என்ன செக்‌ஷன் போட?" என்று தலைவரிடமே கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தலைவரைச் சமாளிக்கலாம். குடிசைக்காரியைச் சமாளிக்க முடியவில்லை. தபால் ஆபீஸ் பின்னால் இருக்கிற ஒருத்தி, பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள் ஆன மகளை வைத்திருக்கிறவள், காலிக் குடத்தை எங்கள் முன்னால் போட்டு உருட்டி, "உங்க வயித்தெரிச்சல எங்க வயித்துல கொட்டுதீங்களே, நாசமாப் போவீங்களா" என்று மண்ணை வாரினாள். வேலுக்கனி அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு சந்துக்கு நடந்து, பதினான்கு உறைக்குக் கீழே கயிறு விட்டு, கலங்கலைத் துணியில் வடித்து, ஒரு குடம் நிறைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"நம்ம தண்ணியத் தூக்கிக் குடுக்கியே, புத்தி இருக்கா?" என்றேன்.

"அவ கேட்டது நியாயம்" என்றாள். "நாம நிக்கதும் நியாயம். ரெண்டும் இருக்கட்டும்."

மறுநாள் இரண்டாம் வார்டு. அதற்கு மறுநாள் மூன்று. தினம் ஐந்தரைக்குப் பூட்டு, ஐந்தே முக்காலுக்கு நடை, ஆறுக்கு வரிசை. திட்டினார்கள், சிரித்தார்கள், ஒரு தெருவில் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். ஆறு மாதத்தில் எங்கள் மேல் பட்ட முதல் ஈரம் அதுதான். ஒரு தெருவில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். வேலுக்கனி தினம் ஒரு குடம் வடித்து, அந்தந்த வார்டில் முதலில் ஏசுகிறவள் முன்னால் வைத்தாள். நான்காம் வார்டிலிருந்து என் கால் வீங்கியது. ஆறாம் வார்டில் சில பேர் வேலைக்குப் போகணும் என்று முனகினார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கி நின்ற பதினைந்தாம் உறையில் அவள் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினாள். மறுநாள் நூற்றைம்பத்திரண்டும் வந்தது.

ஒன்பது வார்டு காய்ந்தது. பத்தாம் நாள் காலை பத்தாம் வார்டும் காய்ந்தபிறகு, பதினோரு மணிக்கு மன்றத்தின் அவசரக் கூட்டம். அடுத்த நாள் பதினொன்று, அதற்கடுத்த நாள் பன்னிரண்டு என்பது அந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் நன்றாகத் தெரியும். பார்வையாளர் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"மனிதாபிமான அடிப்படையில் பன்னிரண்டு சேத்துக்கிடட்டும்" என்றது பதினொன்று.

"பெருந்தன்மையோட பதினொண்ணுக்கு விட்டுக்குடுக்கேன்" என்றது பன்னிரண்டு.

"மழைய நிறுத்துத ஆள வார்டுல வச்சிக்கிட்டு நான் அடுத்த எலெக்‌ஷன்ல எப்படி நிக்க?"

"அப்ப நான் மட்டும் எப்படி நிக்க?"

தலைவர் மேஜையைத் தட்டினார். அவர் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தச் சுற்றில் மழையில் குளிக்காதவர். சீட்டு எழுதிக் குலுக்கச் சொன்னார். டீ வாங்கிவந்த தூக்குவாளியில் போட்டுக் குலுக்கினார்கள். பன்னிரண்டு விழுந்தது. பன்னிரண்டாம் வார்டு உறுப்பினர் தலையில் கைவைத்தார். 'அடுத்த மறுவரையறை வரை, தற்காலிகமாக, சூளைச் சந்தைப் பன்னிரண்டாம் வார்டாகக் கருதலாம்' என்று தீர்மானம் எழுதி, முத்திரை வைத்து, நகலை வேலுக்கனி கையில் கொடுத்தார்கள்.

பதினோராம் வார்டுக்கு நாங்கள் போகவில்லை. அங்கே மழை பெய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடு தடதடத்ததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம்.

மறுநாள் எங்கள் நாள். பன்னிரண்டு. ஐந்து மணிக்கே அண்டா, குண்டான், சட்டி, தொட்டி எல்லாம் வாசலில் வந்துவிட்டது. எல்லோரும் சந்துக்குள்ளேயே அண்ணாந்து நின்றோம். ஆறு பத்துக்கு மேகம் மேட்டுத் தெரு வரை வந்தது. வந்து, நின்றது. எங்கள் சந்தில் இல்லை. நாங்கள் நூற்றைம்பத்திரண்டு பேரும் ஒரே இடத்தில் குவிந்து நின்றதால் மேட்டுத் தெருவிலும் இல்லை. பன்னிரண்டாம் வார்டு முழுக்க இல்லை.

உறுப்பினர் பனியனோடு ஓடிவந்து தீர்மான நகலைப் பிடுங்கி, வானத்தைப் பார்த்து உரக்க வாசித்தார். தேதி, எண், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் ஒன்றுவிடாமல் வாசித்தார். மேகம் அசையவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. முப்பத்துநான்கு வருஷத்தில் தாளைப் படித்துத் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

பூசைப்பழம், "வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வேலுக்கனி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. "நாளைக்குப் பதிமூணு. நிப்போம்" என்றாள்.

ஆறரைக்கு மேட்டுத் தெருவிலிருந்து லூர்தம்மாள் கிளம்பி வந்தாள்.

அங்கே குழாயடியில் குடம் வரிசையாக இருந்தது. மழை எல்லாக் குடத்திலும் ஒன்றாகத்தான் விழும். ஆனாலும் முன்னால் யார் பின்னால் யார் என்று வரிசை போடாமல் எங்கள் ஊர்ப் பெண்கள் மழையைக்கூட வாங்க மாட்டார்கள். அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. இடம் கேட்டு வாங்க முடியாது. பிடித்து உட்காரவும் முடியாது. கடைசிக் குடத்துக்காரி தானாக வாய் திறந்து, 'என் குடத்துக்குப் பின்னாடி வை' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் ஆணையர் வந்தாலும் அந்தக் குடத்தை நகர்த்த முடியாது. சொல்லாவிட்டால் ஆணையர் பெண்டாட்டிக்கும் இடம் கிடையாது.

லூர்தம்மாள் தன் குடத்தை முதலிடத்திலிருந்து தூக்கினாள். தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு, சந்தின் வாய்க்கு வந்து, டங்கென்று வைத்தாள். அவள் முகத்தில் தயவு தாட்சண்யம் ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. அவள் வீட்டில் எட்டுப் பேர். ஏழு பத்துக்கு மழை போய்விடும்.

"ஏட்டி வேலுக்கனி. ஒங் குடம் எங்க?"

"என்னத்துக்கு?"

"வை. என் குடத்துக்குப் பின்னாடி வை. வச்சுத் தொலை."

வேலுக்கனி நகரவில்லை.

"முதல் வீடு எனதில்லக்கா. இசக்கியம்மா வீடு. மொதல்ல அவளச் சொல்லு. நான் என் முறைக்கு வாரேன்."

"இதுல முறை வேறயா இவளுக்கு! ஏ இசக்கி, நீ வை. சுருக்கா வை."

இசக்கியம்மாள் தன் வாசலில், லூர்தம்மாள் குடத்துக்கு நேர் பின்னால், எவர்சில்வர் குடத்தை வைத்தாள். வைத்த கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அதற்குள் அவள் தலை, அவள் தோள், அவள் வாசல் நனைந்துவிட்டது. மேட்டுத் தெருவில் ஹோவென்று கொட்டியது. இசக்கியம்மாள் திரும்பி, அடுத்த வீட்டைப் பார்த்து, அழுகையும் சிரிப்புமாக, "என் குடத்துக்குப் பின்னாடி வைய்யி" என்றாள்.

வைத்தார்கள். ஒருத்தி சொல்ல ஒருத்தி வைத்தாள், ஒருத்தி வைக்க ஒரு வாசல் நனைந்தது. பிளாஸ்டிக் குடம், பித்தளைக் குடம், மூக்கு நசுங்கின குடம், வாய் உடைந்த பானை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் தூரம் மழை நடந்து வந்தது. நடுவில் பதினேழாம் வீட்டுக்காரிக்கும் பதினெட்டாம் வீட்டுக்காரிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை; முன்னவள் சொல்ல மாட்டேன் என்று நின்றாள். பின்னாலிருந்த பத்தொன்பது வீடும் சேர்ந்து கத்திய கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, "வைக்கிறவ வைக்கலாம்" என்றாள். மழை அதையும் ஏற்றுக்கொண்டது.

ஏழு மணிக்கு முப்பத்தாறாம் வீடு. வேலுக்கனி தன் முறைக்குத் தன் குடத்தை வைத்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியது. அவள் அதை விலக்காமல் என்னைப் பார்த்தாள். முப்பத்தேழாம் வீடு. எனக்கு அப்புறம் கிணறு.

"அண்ணாச்சி, கொடம்."

"எனக்கு எதுக்குக் கொடம்? கிணறு வாசல்ல இருக்கு."

"கிணத்துக்குப் போகணும்னா ஒங்களத் தாண்டித்தான் போகணும். வைங்க."

நான் வரிசையில் நின்றதில்லை. முப்பத்துநான்கு வருஷம் வரிசையை முன்னாலிருந்து பார்த்தவன். நான் சைக்கிளில் வந்து இறங்கினால் குழாயடி எழுந்து நிற்கும். நான் தலையை அசைத்தால் தண்ணீர், அசைக்காவிட்டால் இல்லை. ஊர் முழுக்கப் பெண்கள் என் கையைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். இன்னொருத்தர் பின்னால் போய் நில் என்று ஒருத்தியும் எனக்குச் சொன்னதில்லை.

"நான் வால்வு திறந்தவம்மா" என்றேன்.

"தெரியும். இப்பம் திறக்கதுக்கு ஒண்ணுமில்ல. வைக்கதுதான் இருக்கு."

ஏழு நாலு. மழை அவள் வாசலோடு சுவர் மாதிரி நின்றது. என் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் மண் கறுத்திருந்தது. முப்பத்தாறு வீடும் நனைந்துகொண்டு என்னையே பார்த்தது.

"என் குடத்துக்குப் பின்னாடி வைங்க அண்ணாச்சி" என்றாள் அவள். கெஞ்சவில்லை. உரிமையாகச் சொன்னாள்.

உள்ளே போனேன். குடம் இல்லை. தனியாள் வீட்டில் எதற்குக் குடம்? பெயிண்டு வாளி ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். குனிய முடியாத இடுப்பு. கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு கையால் அவள் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவள் குடத்துக்குப் பின்னால் வாளியை வைத்தேன்.

வழுக்கையில் முதலில் விழுந்தது. சில்லென்று இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, மழைதான். பிறகு அது என் மேல் ஏறி, என்னைத் தாண்டி, கிணற்று விளிம்பில் விழுந்து தெறித்தது. எல்லோரும் கிணற்றடிக்கு ஓடிவந்து பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தோம். உள்ளே தண்ணீரில் சொட்டு விழுகிற சத்தம் உடனே கேட்கவில்லை. பதினைந்து உறை ஆழம். போய்ச் சேர நேரம் பிடித்தது.